பன்னிரண்டு தேசிக்காய்

காய்ச்சுவதற்கென்று மூடி வைத்திருந்த கரும்புச் சாற்றுக்குள் நான் தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம், பிழிந்துவிட்டேன். இரண்டு நாள் அப்படிச் செய்தேன். முதல் நாள் செய்தது ஆசையில். இரண்டாம் நாள் செய்யும்போது, அதனால் ஒரு மனிதருக்கு என்ன நடக்கும் என்று எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன். இடைப்பட்ட காலத்தில் பெரும்பகுதியைப் பள்ளிக்கூடங்களில் இரசாயனம் படிப்பித்துக் கழித்தேன். அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் சீனி இரண்டாக உடைந்துவிடும், பிறகு அது இலேசில் இறுகாது என்ற பாடம் வருடா வருடம் வரும். அதை மட்டும் கரும்பலகையைப் பார்த்தபடியே நடத்துவேன். பிள்ளைகள் என் கையெழுத்து அழகுக்காக அப்படி நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அது சீனிக்குக் கூப்பன் இருந்த காலம். சங்கக்கடையில் அளந்து தரும் சீனி, வீட்டுக்கு வந்து சேரும்போதே முடிந்துவிட்டது போலத் தோன்றும். தேத்தண்ணியை ஒரு கையிலும் பனங்கட்டித் துண்டை மறு கையிலும் வைத்துக்கொண்டு கடித்துக் கடித்துக் குடிப்போம். தட்டுப்பாடு வந்தால் மற்றவர்கள் அரசாங்கத்தைத் திட்டுவார்கள். என் மாமா பத்திரிகை வாசிப்பார்.

மாமா அம்மாவின் அண்ணன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரணைமடு வாய்க்காலுக்குக் கீழே காணி எடுத்து நெல் செய்தவர். எங்கள் வீடும் அவருடைய வீடும் ஒரே வளவில் இருந்தன. வெள்ளைக்கார நாடுகளில் ஒரு வகைப் பீற்றூட் கிழங்கிலிருந்து சீனி எடுக்கிறார்கள் என்று அவர் எங்கோ வாசித்துவிட்டார். அது வேறு கிழங்கு, வெள்ளையாக இருக்கும் என்று அந்தப் பத்திரிகையில் எழுதியிருந்ததா, இவர்தான் அந்த வரியைத் தாண்டிவிட்டாரா என்பது கடைசிவரை தெரியவில்லை. சந்தையில் ஒரு சாக்குப் பீற்றூட் வாங்கி வந்து, சீவி, அவித்து, வடித்து, பகல் முழுதும் காய்ச்சினார்.

குசினி வாசலில் நின்று மாமி கேட்டார்.

“சீனி வந்திட்டுதோ?”

“பொறு. இன்னும் இறுகேல்லை.”

“இறுகாட்டிலும் பரவாயில்லை. வந்து உங்கடை ஆட்டைப் பாருங்கோ. வெத்திலை போட்ட கிழவி மாதிரித் திரியுது.”

ஆடு சக்கையைத் தின்றிருந்தது. நாங்கள் சாற்றைக் குடித்திருந்தோம். மூன்று நாளைக்கு அந்த வளவில் ஆட்டுக்கும் மனிதர்களுக்கும் வாய் ஒரே நிறம்.

மாமா தோல்வியில் தங்குகிறவர் அல்லர். அடுத்த மாசியில் கந்தளாய்ப் பக்கம் போய் கரும்புக் கரணை ஒரு லொறியில் கொண்டுவந்து, வாய்க்கால் கரையோரம் ஒரு ஏக்கரில் நட்டார். அது ஒரு வருடப் பயிர். நெல்லைப் போல மூன்றரை மாதத்தில் வந்து நிற்கவில்லை என்று ஊரில் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு தடவை யானை வந்து தன் பங்கை எடுத்துக்கொண்டு போனது. பள்ளிக்கூடம் விட்டு வரும் நாங்கள் தினமும் எங்கள் பங்கை எடுத்தோம். அதற்குப் பிறகும் கரும்பு மிஞ்சி, பங்குனியில் வெட்டுக்கு வந்தது. சர்க்கரை காய்ச்சி, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வரும் சனத்துக்கு விற்பது மாமாவின் திட்டம்.

காய்ச்சத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அந்த நாட்களில் மலைநாட்டுத் தோட்டங்களில் பசி. குடும்பம் குடும்பமாகச் சனம் வன்னிக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர், இளவயதில் ஊவாப் பக்கத்தில் கரும்பு காய்ச்சும் இடத்தில் வேலை செய்தவர். மனைவி, ஒரு மகள், என் வயதுடைய முத்து என்ற மகன், கைக்குழந்தை ஒன்று. எங்கள் வீட்டில் எல்லாரும் அவரைப் பெயர் சொல்லி ‘நீ, வா’ என்றுதான் அழைத்தோம். நானும் அப்படித்தான் அழைத்தேன். இங்கே அவரை முத்துவின் அப்பா என்று எழுதுகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டது போதும்.

மாமா அவரிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். “சர்க்கரை சரி வரட்டும். வாய்க்கால் மூலையிலை கால் ஏக்கர் மேட்டுக்காணி உனக்கு. எழுதித் தாறன்.”

சர்க்கரை வருவதற்கு முதலே முத்துவின் அம்மா அந்த மூலையில் ஒரு முருங்கைத் தடியை ஊன்றிவிட்டார். முத்துவின் அப்பா வீடு போடுவதற்கு நான்கு கப்பு, மரத்தூண், நட்டார். கூரை இல்லாத அந்த நான்கு கப்புக்குள் முத்துவும் நானும் கிளித்தட்டு விளையாடினோம்.

கரும்பு நசுக்கும் பழைய இரும்பு ஆலை ஒன்று வந்து சேர்ந்தது. இரண்டு எருமைகள் அதைச் சுற்றின. பிள்ளையார் கோயில் கிடாரம் இரவலாக வந்தது. சாறு தகரப் பீப்பாயில் விழும், அதை வடித்துக் கிடாரத்தில் ஊற்றுவார்கள். காய்ந்த சக்கையை அடுப்புக்குள் தள்ளிக் கொண்டிருப்பது முத்துவின் வேலை. தீ ஒரே அளவில் எரிய வேண்டும். முத்துவின் அப்பா கிடாரத்தின் தலைமாட்டில் நிற்பார். கையைத் தண்ணீரில் தோய்த்து, கொதிக்கும் பாகுக்குள் விட்டு எடுத்து, மறுபடி தண்ணீருக்குள் போட்டு விரலால் உருட்டுவார். நாங்கள் மூச்சு விடமாட்டோம்.

“உருட்டினா உருளணும். தட்டுல போட்டா டங்குன்னு சொல்லணும். சொல்லலன்னா இன்னும் நேரம் இருக்கு,” என்பார்.

புதினம் பார்க்க ஊர் திரண்டு வந்தது. மாமிக்கு அது பிடிக்கவில்லை. “இவ்வளவு சனம் வாய் பாத்துக்கொண்டு நிக்குது. நாவூறு படாதே?” என்று அடுப்படியில் தேசிக்காய் வெட்டிப் போடுவதற்காகத் தட்டத்தில் கொண்டுவந்தார். முத்துவின் அப்பா ஓடிவந்து குறுக்கே நின்றார்.

“அம்மா, நீங்க வெட்டுங்க. வேணாங்கல. ஆனா வேலிப் படலைக்கு அங்கிட்டு வெட்டுங்க. எலுமிச்சம்பழம் இங்க வரவே கூடாது. சாத்துல பட்டுச்சுன்னா பாகு எறுகாது. பாணியாவே கெடந்துரும்.”

மாமிக்கு அதில் ‘கூடாது’ என்ற சொல் மட்டும் கேட்டது. எனக்குப் ‘பாணியாவே கெடந்துரும்’ என்பது மட்டும் கேட்டது.

முதல் நாள் காய்ச்சல் பிழையின்றி முடிந்தது. சிரட்டை சிரட்டையாகச் சர்க்கரை வார்த்து, ஆறியதும் தட்டி எடுத்து, பூவரசம் இலையில் சுற்றி, மாமி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பூட்டுவதற்கு முன் எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு. ஆனால் அதற்கு முன்னரே, பாகு இறுகப்போகும் தறுவாயில், முத்துவின் அப்பா எனக்குத் தேன் பதத்தில் ஒரு அகப்பை பாணியை இலையில் ஊற்றித் தந்திருந்தார். அந்த ருசியை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மன்னிப்புக் கேட்பது போல ஆகிவிடும். இரண்டு நிமிடத்தில் மிச்சமெல்லாம் சிரட்டைக்குள் போய்க் கல்லாகிவிட்டது என்பதுதான் என் துக்கம். இவ்வளவு நல்ல பொருளை ஏன் இறுகவிட்டு அலுமாரிக்குள் பூட்ட வேண்டும்?

மறுநாள் காலை ஆட்கள் சாப்பிடப் போன நேரம். படலைக்கு வெளியே மாமியின் தட்டத்தில் வெட்டாத தேசிக்காய்கள் இருந்தன. பன்னிரண்டையும் எடுத்தேன். பல்லால் கடித்துப் பிளந்து, விதை விழாமல் நான் போட்டிருந்த சேட்டுத் துணியில் வடித்து, பீப்பாய்ச் சாற்றுக்குள் பிழிந்தேன். கோதுகளை எருமைக்கு வைத்தேன். அது முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. பிறகு வாய்க்காலுக்குள் எறிந்தேன்.

அன்று பாகு உருளவில்லை. முத்துவின் அப்பா விரலைத் தோய்த்தார், உருட்டினார், தீயைக் கூட்டச் சொன்னார். மறுபடி தோய்த்தார். கடைசியில் அடிப்பிடிக்கும் மணம் வந்ததும் இறக்கிவிட்டார். சிரட்டைகளில் வார்த்தது பொழுதுபடும்வரை அப்படியே மினுங்கிக்கொண்டு கிடந்தது. அவர் ஒரு துளியை நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். ஆலையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார்.

“படலைக்கு அங்காலை வெட்டச் சொன்னால் இப்பிடித்தான் வரும்,” என்றார் மாமி.

நாங்கள் அன்று ரொட்டியைப் பாணியில் தோய்த்துத் தின்றோம். மாமாகூட நான்கு ரொட்டி சாப்பிட்டார். “சின்னப் புளிப்பொண்டு தட்டுது. ஆனால் திறமாய்த்தான் இருக்கு,” என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சொன்னார். “நாளைக்குச் சர்க்கரை சரி வந்தால், இந்தப் பாணி முழுக்கச் சுருட்டுக்காரருக்குக் குடுத்திடுவம். புகையிலைக்குப் போட வாங்குவினம்.”

அந்த வார்த்தைதான் என்னை இரண்டாம் முறை படலைக்குக் கொண்டுபோனது. நாவூறுதான் காரணம் என்று உறுதியாக நம்பிய மாமி, அன்று தட்டத்தை விட்டுவிட்டு ஒரு கடகம் நிறையத் தேசிக்காய் கொண்டுவந்து வைத்திருந்தார். பன்னிரண்டு எடுத்தாலும் தெரியாது. எடுக்கும்போது, கரும்புக் கொட்டிலில் முத்துவின் அப்பா தனியே இருந்து, சாப்பாட்டை அவிழ்க்காமல், தன் வலக்கை விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். கண்டபிறகும் பிழிந்தேன். ஒரு முழு வாழ்க்கையில் நான் செய்த பிழைகள் பல. இதைப் போலத் தெளிவாகத் தெரிந்து செய்தது வேறில்லை.

அன்றும் இறுகவில்லை.

மாமா சத்தம் போடவில்லை. “உனக்குச் சரிவரத் தெரியாதெண்டால் முதலே சொல்லியிருக்கலாமே,” என்றார்.

“முதல் நாளு வந்துச்சுங்களே ஐயா.”

“முதல் நாள் தப்பித் தவறி வந்திருக்கும்.”

முத்துவின் அப்பா அகப்பையைக் கீழே வைத்தார். “என் கைதான் தப்பிருச்சுங்க,” என்றார்.

கால் ஏக்கர் பற்றி யாரும் பேசவில்லை. பேசாததிலேயே அது முடிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அவர்கள் ஒரு ட்ரக்டர் பெட்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தர்மபுரம் பக்கம் போனார்கள். முத்துவின் அம்மா முருங்கைத் தடியையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனார். மிச்சக் கரும்பைத் துண்டு துண்டாகவே வற்றாப்பளையில் விற்றோம். பாணியில் பாதியைச் சுருட்டுக்காரர் வாங்கினார்கள். மற்றப் பாதியை நாங்கள் ரொட்டியோடு, புட்டோடு, ஒன்றும் இல்லாதபோது விரலோடு தின்றோம். மாமா அந்த வருடம் இரண்டு சுற்றுப் பெருத்தார். அடுத்த வருடம் சூரியகாந்தி நட்டார்.

அதன்பின் சண்டைக் காலம். நாங்கள் எத்தனையோ இடம் மாறி, எஞ்சியவர்கள் திரும்பி வந்தோம். முத்துவின் குடும்பமும் தர்மபுரத்துக்கே திரும்பி வந்துவிட்டது என்பது எனக்குப் பல வருடங்களுக்கு முன்பே தெரியும். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. முத்துவின் அப்பா காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டபோதுகூட நான் போகவில்லை. போன வருடம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்த டொக்டர், எனக்குச் சீனி வருத்தம் என்றார். அவர் முன்னாலேயே சிரித்துவிட்டேன். நான் தேடிப்போகாததால் சீனி என்னைத் தேடி வந்துவிட்டது. அடுத்த கிழமை ஒரு பெட்டி பிஸ்கட்டோடு தர்மபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

முத்து வாசலில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரை. யார் என்று சொன்னதும் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

“சார்னு கேள்விப்பட்டேன். எங்க பேத்திக்குக்கூட நீங்க எழுதுன நோட்ஸுதான். உக்காருங்க சார்.”

கதிரையில் இருந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேசிக்காய், சேட்டுத் துணி, எருமை, இரண்டாம் நாள். அவருடைய அப்பாவின் பெயரைக் கெடுத்தது நான்தான் என்றேன். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உங்களிடம் கேட்க வந்திருக்கிறேன் என்றேன்.

முத்து வாயைத் திறந்தபடி இருந்தார்.

“அப்ப, நான் தீய விடல?”

எனக்கு விளங்கவில்லை.

“சார், எங்கப்பாவுக்கு ஒண்ணும் கெடல. தர்மபுரத்துல எந்தக் கல்யாணம்னாலும் பாகு காய்ச்ச அவருதான். சாகுற வரைக்கும் கையில பதம் நின்னுச்சு. கெட்டது நான்தான். ‘தீய விட்டுட்டுத் தூங்கிட்டான், சாறு புளிச்சுப்போச்சு’ன்னு அன்னையிலருந்து என்னை அடுப்பண்ட சேக்கல. என் சொந்தக் கல்யாணத்துக்கு ஒரு வெறகு தள்ள விடல சார். சொந்தக்காரங்க மத்தியில எனக்குப் பேரே தீவிட்டான்.”

சொல்லி முடிக்குமுன் சிரிக்கத் தொடங்கிவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போனை எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, வவுனியாவில் இருக்கும் அக்காவை அழைத்தார்.

“அக்கா, இந்தா சார் பேசுறாரு. நல்லாக் கேளு. சார், மொதல்ல இருந்து சொல்லுங்க.”

முதலிலிருந்து சொன்னேன்.

“அடப்பாவி,” என்றது போன். யாரை என்று தெரியவில்லை. “அப்ப நாங்க இவன போட்டுத் திட்டுனதெல்லாம் சும்மாவா?”

“சும்மாதான். வையி, தம்பிக்கு எடுக்கணும்.”

அன்றைய கைக்குழந்தையான தம்பி பளையில் ஒரு கடையில் இருந்தார். அவருக்கும் சொன்னேன். கனடாவில் நித்திரையால் எழுந்த முத்துவின் மகனுக்கும் சொன்னேன். முப்பது வருடம் படிப்பித்தவன், ஒரே பாடத்தை ஒரே நாளில் இத்தனை வகுப்புக்கு எடுத்ததில்லை. ஒவ்வொருவரும் தேசிக்காய் எத்தனை என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முத்து புதிதாகக் கேட்பவரைப் போலச் சிரித்தார். எனக்கும் மெல்ல மெல்லச் சிரிப்பு வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

“இனி அம்மாவுக்குச் சொல்லணும். காது கேக்காது. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார்.”

அவருடைய அம்மா உள்ளறைக் கட்டிலில் இருந்தார். நான் பக்கத்தில் போய், குனிந்து, கத்திச் சொன்னேன். பக்கத்து வளவுக்காரர்கள் வேலியருகே வந்துவிட்டார்கள்.

“எலுமிச்சம்பழமா?”

“ஓம் அம்மா. எலுமிச்சம்பழம்.”

“ரெண்டு நாளுமா?”

“ரெண்டு நாளும்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற மகனைக் கூப்பிட்டு, பக்கத்தில் இருத்தினார்.

“நான்தான்டா சொன்னேன்,” என்றார். “என் கை போயிருச்சுன்னு உங்கப்பா அழுவுறாரு. அஞ்சு வயிறு. அந்தக் கைய நம்பித்தான நம்ம பொழைக்கணும்? அதான், உன் கையில ஒண்ணுமில்ல, இவன்தான் தீய விட்டுட்டுத் தூங்குனான்னு சொன்னேன். நீ தூங்கலன்னு எனக்குத் தெரியும்.”

முத்துவின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் கொண்டுவந்த மன்னிப்புக்கு அந்த அறையில் இடமில்லாமல் போனது. வெளியே போவதா, நிற்பதா என்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா கையை உயர்த்தி மகனின் இடக் கன்னத்தைத் தடவினார்.

“அன்னைக்கு அவரு அறைஞ்சது ரொம்ப வலிச்சுச்சாடா?”

“இல்லம்மா,” என்றார் முத்து.

“என்னா?”

“வலிக்கலம்மா,” என்று அவர் உரத்துச் சொன்னார். அப்போதும் கேட்காததால், வேலியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.

அந்தக் கன்னத்தை நான் கண்டிருக்கிறேன். ட்ரக்டர் பெட்டியில், சாக்கு மூட்டைகளின் மேல், முத்து வீங்கிய முகத்தோடு என்னோடு கதைக்காமல் இருந்தான். களவாகப் பாணி தின்று பல்வலி வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். கன்னம் வீங்குமளவு அவனுக்குப் பாணி கிடைத்திருக்கிறதே என்று, ட்ரக்டர் வாய்க்கால் பாலம் தாண்டும்வரை, அவனைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.